கீழே எழுத்து ஓடாத மனைவி

மதிப்பிற்கும் அன்புக்கும் உரிய, என் மனைவிக்கு ஒரே தம்பியாகிய மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ‘எல்லாரும்’ வரைக்கும் கை ஒழுங்காக ஓடியது, ‘நலம்’ என்ற இடத்தில் நடுங்கி நின்றுவிட்டது. உன் வீட்டிலாவது அந்தச் சொல் நடுங்காமல் இருக்கட்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ரகசியம் பேசினால் மூன்றாவது வீட்டுக்காரர் வந்து அபிப்பிராயம் சொல்கிறார். அதனால்தான் கடிதம். இது உன் அக்கா கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது, பட்டால் நான் தொலைந்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். எங்கள் கல்யாண நாளுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்திருக்கலாம். “நம்ம படத்தையே பாத்துட்டிருந்தா மூளை துருப்பிடிச்சுடும் அத்தான்” என்று உலக சினிமாவுக்குச் சந்தா கட்டிக் கொடுத்தாய். நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். துருவோடு எனக்கு எந்தத் தகராறும் இருந்ததில்லை, நிம்மதியாகத்தான் இருந்தோம். ஆனாலும் தொடக்கத்தில் ஆனந்தமாகவே போயிற்று என்பதை மறைக்க மாட்டேன். சாயங்காலம் ஆனால் நானும் உன் அக்காவும் சோபாவில் உட்காருவோம். பகல் முழுக்கப் பஸ் நிலையத்தில் மைக் வைத்து அறிவிப்புச் செய்துவிட்டு வருகிறவள், வீட்டில் மைக் இல்லாமல் அதைத் தொடர்வாள். “இந்தக் குளிர்ல இவன் ஏங்க பட்டன் போடாம நிக்கிறான்?” “அந்தப் பொண்ணு காலையிலேருந்து அழுதுட்டே இருக்கா, சாப்பிட்டாளா இல்லையா, அதைக் காட்ட மாட்டேங்கிறானே!” நான் படத்துக்குக் கீழே ஓடுகிற மொழிபெயர்ப்பு எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ‘ம்’ போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வரி தவறினால் யார் யாருக்குப் புருஷன் என்றே தெரியாமல் போய்விடுகிறது, என்ன செய்ய?

இப்போது பயத்துக்கு வருகிறேன். நம் படத்தில் ஆபத்து வருகிறதென்றால் முதலில் வயலின் வரும், பிறகு இடி வரும், அப்போதும் அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்காக ஒரு கண்ணாடி தம்ளர் விழுந்து உடையும். மெஷினும் அதே ஜாதிதான், நிற்பதற்கு முன்னால் கடகடவென்று நாலு நாள் புலம்பிவிட்டுத்தான் நிற்கும். அந்நியப் படங்களில் அந்த நாகரிகமே கிடையாது மச்சான்! பிரெஞ்சுப் படம் ஒன்றில் புருஷனும் பெண்டாட்டியும் ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டே முக்கால் படம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். அவள் “உப்பு கொஞ்சம் கம்மி” என்கிறாள். அடுத்த காட்சியில் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள், தனியாக. ஜப்பான் படத்தில் ஓர் அம்மாள் கணவனின் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். காலர், கை, முதுகு என்று முழுச் சட்டையையும் நம்மைப் பார்க்க வைக்கிறார்கள். மடித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு வெளியே போகிறாள், அவ்வளவுதான், திரும்பவில்லை. பாரசீகப் படத்தில் ஒருத்தன் தொலைந்த வீட்டுச் சாவியைப் படம் முழுக்கத் தேடி, கண்டுபிடித்து, கதவைத் திறந்தால் உள்ளே யாருமில்லை. விளக்கைப் போடுகிறான். பார்க்க அங்கே எதுவும் இல்லை என்று உடனே அணைத்துவிடுகிறான். அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது, இருந்தும் என் துண்டு நனைந்துவிட்டது. ஏன் என்று நீ கேட்காதே, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாக வந்தது ஸ்வீடன் படம். கணவனும் மனைவியும் ஒரு படகுக்கு வர்ணம் அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். வர்ணம் காய்ந்ததும் அவள் அதில் ஏறித் துடுப்புப் போட்டுக்கொண்டு போய்விடுகிறாள். படம் முடிந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு, “என்னடி இது, சொல்லாம கொள்ளாம!” என்று திரும்பினேன். உன் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

அன்றிலிருந்து பேசவே இல்லை!

எத்தனை வருஷக் குடித்தனம், நான் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டு அது பேசப்படாமல் போன நாள் உண்டா? போட்டுப் பார்த்தேன். எடுத்துக் காயப்போட்டாள், அவ்வளவுதான். காலையில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு: ‘முட்டை இல்லை.’ மச்சான், வீட்டில் முட்டை இல்லை என்கிற செய்தியா இது? பிரெஞ்சுக்காரி உப்பு கம்மி என்றாளே, அந்தத் தொனி இதில் உனக்குக் கேட்கவில்லையா? கடையில் என்னோடு வேலை பார்க்கிற வயரிங்காரன், நாங்கள் ‘வோல்டேஜ்’ என்று கூப்பிடுவோமே, அவனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “அண்ணி பேசறதே இல்லையா? எவ்வளவுண்ணே ஆச்சு? சொல்லுங்க, நானும் லோன் போட்டுக்கறேன்” என்கிறான். அந்தப் பயல் பார்ப்பதெல்லாம் சண்டைப் படம்.

பிறகு முடியைக் கழுத்து வரை வெட்டிக்கொண்டு வந்தாள். எந்த மொழிப் படத்திலும் முடி வெட்டிக்கொண்ட பெண் இடைவேளைக்குப் பிறகு அந்த வீட்டில் இருந்ததில்லை. போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் மெஷினுக்குப் பெல்ட் வாங்கப் பஸ் நிலையம் பக்கம் போனேன். ஒலிபெருக்கியில் வேறு ஒரு பெண்ணின் குரல்! பெல்ட்டை வாங்காமலே திரும்பினேன். வேலையை விட்டுவிட்டாள், என்னிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவள் வெளியே கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன், வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். வாசலில் வரிசையாகப் பலகைகள். முதல் பலகை: வழக்கறிஞர், குடும்ப வழக்குகள். மற்ற பலகைகளைப் படிக்க என் கண்ணில் தெம்பு இல்லை, எதிர்க் கடையில் ஒரு சோடா வாங்கி முகத்தில் பாதியும் வாயில் பாதியும் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து குனிந்து பார்த்தால், கட்டிலுக்கு அடியில் புதுப் பெட்டி. நீல நிறம். சக்கரம் வைத்தது.

நேற்று துணிந்து கேட்டேவிட்டேன். “எங்கிட்ட எதாவது சொல்லணுமா?” உன் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் தன் தொண்டையைத் தொட்டு, கையை இப்படிக் குறுக்கே வீசிக் காட்டினாள். அதற்கு எல்லா நாட்டிலும் ஒரே அர்த்தம்தானே? அப்புறம் உட்கார்ந்து என் சட்டைகளுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள். காலர், கை, முதுகு. கடைக்குப் போகாமல் கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ சொன்னால் கேட்பாள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று விசாரி, எது செய்திருந்தாலும் செய்தது நான்தான். என்னைத் திட்டச் சொல். துண்டில் தொடங்கட்டும், என் அம்மா வழிச் சொந்தம் ஒவ்வொருவராக இழுத்துத் திட்டட்டும், நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்தப் பாரசீகக்காரன் மாதிரி விளக்கைப் போட்டு அணைக்க எனக்குத் தெம்பு இல்லை மச்சான். முக்கியமாக, அந்தச் சந்தாவை ரத்து செய். ரத்து செய்வதற்கு முன் ஒரு போலந்துப் படம் பாதியில் நிற்கிறது, அதை மட்டும் முடித்துக்கொள்கிறேன்.

உன் மனைவியின் பேச்சு ஒருநாளும் குறையாதிருக்கட்டும், உன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தூசியைத் தவிர வேறெதுவும் இல்லாதிருக்கட்டும் என்று வாழ்த்தி, உறையை ஒட்டப் பசை எங்கே என்று தேடப் போகும்,

உன் அன்பு அத்தான்.

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். பசை எங்கே இருக்கிறது என்று இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும், அதனால் வழக்கம்போல உறையை என்னிடமே நீட்டிவிட்டு உன் அத்தான் கடைக்குப் போய்விட்டார். படித்தேன். எனக்குத் தொண்டையில் சின்ன முடிச்சு மாதிரி வந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன். டாக்டர் இருப்பது உன் அத்தான் பார்த்த அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி. லீவு முடிவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் உன் வீட்டுக்கு வருகிறோம், பெட்டி அதற்குத்தான். பழைய பெட்டியின் சக்கரத்தைச் சரி செய்கிறேன் என்று ஊர் மெஷினையெல்லாம் சரி செய்கிறவர் சொல்லிச் சொல்லிப் பழைய பெட்டிக்கே வயதாகிவிட்டது. முடியை வெட்டியது முடி வளர்ந்ததால். இது அத்தனையையும் அந்தப் படகுப் படம் ஓடும்போது, வாயை மூடுவதற்கு முன் கடைசியாக, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ‘ம்’ போட்டார். கீழே எழுத்து ஓடினால்தான் அவருக்குப் புரியும் போலிருக்கிறது, அதனால்தான் இப்போது கீழே எழுதியிருக்கிறேன். இதை அவருக்கு நீ படித்துக் காட்டாதே. வரும் வாரம் எனக்குப் பேச அனுமதி கிடைக்கிறது. முதலில் அந்த ஈரத் துண்டு. அதுவரைக்கும் அவர் கதவுப் பக்கமே உட்கார்ந்திருக்கட்டும். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.