தண்ணீர்ப் பாக்கெட் பலகையும் அக்கோசுவாவின் அழைப்பும்

சுன்யானி

குமாசிப் பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக் உருக்கும் என் அக்கா மகன், அன்பு மருமகன் ஒபிரிக்கு, மாமன் டென்டே எழுதுவது. முழங்கால் வலி தவிர இங்கு யாவரும் சுகம். நீயும் உன் அம்மாவும் சுகமாயிருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய பலகைகளை உடனே வந்து கழற்று. பக்கத்து அறையில் தனியாக இருக்கும் அக்கோசுவா உரலில் ஃபுஃபுக் களி இடிக்கிற சத்தத்தில் மத்தியானம் கண்ணயர முடியவில்லை என்று புலம்பியது நான்தான், மறுக்கவில்லை. நீயும் காலித் தண்ணீர்ப் பாக்கெட்டுகளை உருக்கி, எண்ணெய்ப்பனைக் கொட்டை ஓட்டுத் தூளும் கல்தூளும் கலந்து, "தூள் கூடினா பலகை கனக்கும், கனத்தா சத்தம் தாண்டாது மாமா" என்று ஆளுயரப் பலகைகளாக அனுப்பினாய். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள மரத் தடுப்பில் அவற்றை ஆணி அடித்தேன். என்ன நடந்தது? உலக்கைச் சத்தம் தரை வழியாக வந்து, கட்டில் காலில் ஏறி, முன்போலவே என் முதுகில் இடிக்கிறது. பேச்சுக் குரல்தான் அடியோடு நின்றுபோச்சு. அங்கேதானடா வந்தது வினை. சாப்பிட உட்கார்ந்தால் அவள் அந்தப் பக்கமிருந்து "சாப்பிட வாங்க" என்பாள், நான் நம் ஊர் வழக்கப்படி "என் கையும் அதுலதான் இருக்கு" என்று பதில் மரியாதை சொல்வேன், பல நாள் ஒரு கிண்ணம் கடலைக் குழம்பும் வரும். பலகை அடிச்சதிலேருந்து அவ கூப்பிட்டது எனக்குக் கேக்கல, நான் பதில் சொல்லல, அவ அதை அவமானமா எடுத்துக்கிட்டா. நேத்து குழாயடியில எல்லார் முன்னாலும் பிடிச்சுக்கிட்டா.

"ஏன்யா, சாப்பிடக் கூப்பிட்டா பதில் சொல்ல வாய் வலிக்குதா?"

"கேக்கலம்மா."

"உலக்கை கேக்குது, நான் கூப்பிட்டா மட்டும் கேக்காதாக்கும்!"

குடத்தோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மனைவி காலமான பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட குரல் அது ஒன்றுதான், ஒபிரி. அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை சுத்தியலோடு வந்துவிடு. அம்மாவை விசாரித்ததாகச் சொல். உன் படிப்பு பலிக்கட்டும்.

உன் மாமன்,
டென்டே

பி.கு.: சுத்தியல் வேண்டாம். பொறுக்காமல் நானே கழற்றினேன். சத்தம் கேட்டு வந்த அக்கோசுவா பார்த்துக்கொண்டே நின்று, "அந்தத் தடுப்பையும் சேத்துக் கழட்டினா என்னவாம்?" என்றாள். ஆகவே பெண் கேட்கும் முறைப்படி ஒரு ஜின் பாட்டிலும் உன் அம்மாவுமாக வா. அவள் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டிப் பெண் கேட்க வேண்டும். பலகைகளை மறுபக்கச் சுவரில் அடித்துவிட்டேன். இப்போது உலக்கை பிடிப்பது நான். தூங்க முடியவில்லை என்று அந்தப் பக்கத்துத் தையற்காரர் முணுமுணுத்தார். "இனிமே கேக்காது, என் மருமகன் செஞ்ச பலகை" என்று சொல்லியிருக்கிறேன். தரை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.