நடுக்கடலில் பீரோ

“என்னங்க, கடல் ரெண்டா தெரியுது.”

“ரெண்டாவா?”

“ஆமா. வலது கண்ணுக்கு ஒண்ணு, இடது கண்ணுக்கு ஒண்ணு. நான் எதுல இறங்கட்டும்?”

அவர் மனைவியின் முகத்திலிருந்து அட்டைப்பெட்டியைக் கழற்றினார். டி.வி., மின்விசிறி, மிக்ஸி என்று எதற்கும் பெட்டி வடிவமைத்துக் கொடுக்கும் கம்பெனியில் அவர்தான் தலைமை வடிவமைப்பாளர். கட்டிய மனைவியின் முகத்துக்கு ஒரு பெட்டி செய்ய மட்டும் கை வரவில்லை.

அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். எந்தக் குளத்திலும் வழுக்காதவள் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்ததில், கால் மாவுக்கட்டுக்குள் போய்விட்டது. லிஃப்ட் இல்லாத கட்டடம். வீடோ நாலாவது மாடி. தண்ணீரைப் பார்க்காமல் அவள் வாடிப் போனாள். பேச்சு குறைந்தது, சிரிப்பு நின்றே போனது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவர் இந்த விஆர் பெட்டியில் இறங்கினார். முன்னால் போனைச் செருகிவிட்டு இரண்டு லென்ஸ் வழியாகப் பார்த்தால், கடல் நம்மைச் சுற்றி விரியும். தலையைத் திருப்பினால் அதுவும் கூடவே வரும்.

“கடையில விக்குதே, வாங்கிடலாமே?”

“உன் மூக்குக்கு ஏத்த மாதிரி கடையில கிடைக்காது.”

“என் மூக்குக்கு என்ன?”

அவர் அவசரமாக லென்ஸ்களை நெருக்கி ஒட்டப் போய்விட்டார்.

கடல் ஒன்றானது, ஆனால் மங்கிவிட்டது. போனைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று பெட்டியை நீட்டினார். படம் தெளிந்தது. பெட்டிதான் குதிரைக்குக் கொள்ளுப்பை கட்டியதுபோல் முன்னால் தொங்கியது.

“கடல் நல்லாத்தான் இருக்கு. கழுத்துதான் கழண்டு விழுந்துடும் போல.”

எடைக்கு எடை சரியாகட்டும் என்று பின்னந்தலையில் ஒரு உப்புப் பையைக் கட்டினார். தலை அப்படியே மல்லாந்தது.

“இப்ப வெறும் வானம்தான் தெரியுது. பரவால்ல, மேகம் அழகா இருக்கு.”

அதற்குள் போன் சூடேறி, முகம் வேகத் தொடங்கியது. காற்றுக்காகப் பெட்டியின் இரு பக்கமும் ஜன்னல் வெட்டினார். காற்றோடு வெளிச்சமும் உள்ளே வந்தது.

“நடுக்கடல்ல நம்ம பீரோ நிக்குது.”

“வேற?”

“அலைச் சத்தம் அடுப்புல எதையோ வதக்குற மாதிரி இருக்கு. அதை அணைச்சிடுங்க.”

சத்தத்தை அணைத்தார். உப்புப் பையை அவிழ்த்து எறிந்தார். பெட்டியைக் கீழ்த்தளத்து டெய்லரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். சுற்றிலும் கறுப்புத் துணி, பெட்டியைத் தலையோடு பிடித்துக்கொள்ள அகலமாக ஒரு எலாஸ்டிக் பட்டி தைக்கச் சொன்னார்.

“இதை யாருக்கு சார் மாட்டப் போறீங்க?”

“என் மனைவிக்கு.”

டெய்லர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அவங்களுக்குத் தெரியுமா?”

தைத்து வாங்கிய பெட்டியோடு படிகளைத் தாவி ஏறினார். கையில் இருப்பதே தெரியவில்லை, அத்தனை லேசு. எல்லாம் அந்தப் பட்டியின் மகிமை என்று பூரித்துப்போனார்.

மாட்டிவிட்டார். பசையும் கத்தரிக்கோலுமாகக் காத்து நின்றார்.

“ரெண்டா தெரியுதா?”

“இல்ல.”

“மங்கலா?”

“இல்ல.”

“பீரோ?”

“போயிடுச்சு.”

திரைச்சீலை உப்பி உப்பித் தணிந்துகொண்டிருந்தது. அவள் மூச்சு நிதானமாயிற்று. நாற்காலியின் கைகளை விட்டு எழுந்த அவள் கைகள், காற்றை மெல்ல மெல்ல விலக்கின. மத்தியான வெயில் சுவரில் நெளிந்ததைப் பார்த்து, அறைக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டதோ என்று அவருக்கே ஒரு கணம் தோன்றியது.

“இங்க பச்சையா இருக்குங்க. உள்ள போகப் போக நீலம். காலுக்குக் கீழ மணல் நழுவுது.”

“அப்புறம்?”

“கரையில ஒருத்தர் நிக்கிறாரு. பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சு விட்டுக்கிட்டு. அலை வந்தா பின்னால ஓடுறாரு, போனதும் எட்டிப் பாக்குறாரு.”

அவருக்குச் சுருக்கென்றது. ஈ காக்கை இல்லாத கடலாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்த வீடியோ அது! “யாரு அவன்? அதுல ஆளே கிடையாதே?”

“சும்மா இருங்க. இப்பத்தான் கையை நீட்டுறேன். வர்றாரு... பயந்துக்கிட்டே வர்றாரு... வந்துட்டாரு!”

அவள் சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து கேட்காத சிரிப்பு. அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியோரம் தரையில் உட்கார்ந்தார். தேடாமலே அவள் கை வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

திறந்திருந்த வாசலில் டெய்லர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

“சார், தைக்கும்போது ஊசி பட்டுடப் போகுதுன்னு உங்க போனை வெளிய எடுத்து வெச்சேன், திருப்பிப் போட மறந்துட்டேன், இந்தாங்க, கடல் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”