டொக்டர் ரபீகாவின் ஆய்வுச் செல்வாக்கு

நாட்டின் மூளைநலனைக் கருத்திற்கொண்டு அம்பிட்டிய மலையில் நிறுவப்பட்ட நரம்பு மருந்தியல் நிறுவகத்தில், ஓர் ஆய்வாளரின் பெறுமதி அவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதைக் கொண்டே நிர்ணயிக்கப்பட்டது. எதற்காகக் காட்டினார்கள் என்று விசாரிப்பது அநாகரிகம்.

அந்த வகையில் டொக்டர் ரபீகாவை வெல்ல ஆளில்லை. வல்லாரைச் சாறு குடித்த எலி வழி மறக்காது என்ற அவருடைய முதல் கட்டுரையை அறுநூறு பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். பாதிப்பேர் அது பிழை என்று சொல்வதற்காகக் காட்டினார்கள்.

பிழை எங்கே என்பதை ரபீகாவே கண்டுபிடித்தார். சாறு குடிக்காத எலிகள் மதிலோர அறையில் இருந்தன. மதிலுக்கு அப்பால் பெரஹெரா ஊர்வலத்துக்கு மேளம் பழகினார்கள். எலி பகலில் தூங்கும் பிராணி. எசல மாதம் முழுக்கக் கண் மூடாத எலிக்கு வழி என்ன, வாலே ஞாபகம் இருக்காது. வல்லாரை குடித்தவை பின்பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூங்கியிருந்தன. இதை ஒரு திருத்தமாக எழுதி வெளியிட்டார். ஒருவரும் சீண்டவில்லை.

பதவி உயர்வு நேர்முகத்தில் பணிப்பாளர் அரூஸ் அதைத்தான் முதலில் கேட்டார்.

"திருத்தமெண்டு ஒண்டு எழுதியீக்கிறீங்களே டொக்டர், என்னத்துக்கு?"

"முதல்ல எழுதினது பிழை சேர்."

"அறுநூறு பேர் சொல்லியீக்கிறாங்களே."

"அதுல பாதிப்பேர் பிழையெண்டுதான் சொல்றாங்க."

"பிழையெண்டு சொல்லவும் ஒங்கட பேரத்தானே சொல்லோணும். சரி, திருத்தத்த எத்தின பேர் சொன்னாங்க?"

"ஒருத்தருமில்ல."

"அப்ப எது பிழை? நீங்களே சொல்லுங்க."

ரபீகாவுக்குப் பதவி பெரிதல்ல. "எனக்கு எலி அறை போதும் சேர். அந்தப் பரிசோதனைய ஒருக்கா ஒழுங்காச் செஞ்சு பாக்கோணும்."

"தலைமை ஆய்வாளருக்குத்தான் எலி அறை. இல்லாட்டி அது தரவரிசைப் பிரிவுக்குப் போகும். அவங்க ஏசியும் வாங்கிட்டாங்க. விண்ணப்பத்துல இருந்து திருத்தத்த மட்டும் எடுத்துடுங்க."

பிழையை நிரூபிக்க அறை வேண்டும். அறையைப் பெறப் பிழை வேண்டும். ரபீகா திருத்தத்தை எடுத்தார். தலைமை ஆய்வாளரானார்.

"நான் பிழை விட்டா பேங்க்ல விளக்கம் கேக்கிறாங்க," என்றார் கணவர் ஷிராஸ். "ஒங்களுக்கு அறை தாராங்க."

இம்முறை எல்லா எலிகளும் பின்பக்கத்து அறையிலேயே தூங்கின. சாறு குடித்தவையும் குடிக்காதவையும் ஒரே மாதிரி வழியை ஞாபகம் வைத்திருந்தன. ரபீகா அதை எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினார். பக்கச்சார்பைத் தவிர்க்க, பெயரை மறைத்தே கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்புவது அந்தச் சஞ்சிகையின் உயரிய மரபு.

சில வாரங்களில் அங்கிருந்து மின்னஞ்சல் வந்தது. வல்லாரை பற்றி ஒரு கட்டுரை கிடைத்துள்ளதாகவும், இத்துறையில் உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர் என்பதால் தங்கள் மேலான தீர்ப்பை வேண்டுவதாகவும் எழுதியிருந்தார்கள். கூடவே இருந்தது அவருடைய கட்டுரைதான்.

அரூஸுக்கு அழைத்தார். "சேர், என்ட கட்டுரைய எனக்கே அனுப்பியீக்கிறாங்க. என்டதெண்டு சொல்லிடவா?"

"என்ன எழுதியீக்கிறீங்க அதுல?"

"வல்லாரையில ஒண்டுமில்ல எண்டு."

"அது வெளிய வந்தா ஒங்கட செல்வாக்கு எறங்கும். எறங்கினா அறை போகும். எலியள எங்க கொண்டு போவீங்க, ஊட்டுக்கா?"

எலிக் கூடுகளில் அவர் தொடங்கியிருந்த, வலிப்பு நோய்க்கான ஒரு மருந்தின் பரிசோதனை பாதியில் இருந்தது. இந்த மருந்து நல்லதுபோலத் தெரிந்தது. ரபீகா நெடுநேரம் எலிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தீர்ப்பை எழுதினார்.

'இக்கட்டுரையாளர் இத்துறையின் முன்னோடி ஆய்வைக் கவனமாக வாசித்ததாகத் தெரியவில்லை. நிராகரிக்கலாம். டொக்டர் ரபீகா போன்ற ஒருவரிடம் அவர் ஆலோசனை பெறுவது நலம்.'

அடுத்த கிழமை அந்தத் தீர்ப்பு, எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டு, கட்டுரையாளரான அவருக்கு வந்து சேர்ந்தது. ரபீகா இரண்டு தரம் வாசித்தார். எழுதியவர் விஷயம் தெரிந்த ஆள்தான் என்று பட்டது.