எருமைக்கும் ஒரு 'ங்க'

எருமைக்கும் மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே மனிதர் எங்கள் 'ஏனுங்க' கண்டக்டர்தான். யுத்தகாலத்தில், பெட்ரோல் பஞ்சத்தால் கரி வண்டியாக மாறிய நாமக்கல்–சேலம் பஸ்ஸில் தினமும் அவரோடு போனவன் சொல்கிறேன், நம்புங்கள். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த அம்மாள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்.

எங்கள் பக்கத்தில் பேச்சோடு 'ங்க' ஒட்டிக்கொண்டே வரும். ஆனால் ஆள் பார்த்துத்தான் ஒட்டும். பண்ணையாள் பண்ணைக்காரருக்கு 'ங்க' சொல்ல வேண்டும்; பதிலுக்குப் பண்ணையாளுக்குக் கிடைப்பது 'டா'.

இந்த மனிதர் ஆளே பார்க்க மாட்டார். வழிமறித்த எருமையிடம், "கொஞ்சம் ஒதுங்குங்க." அழுகிற குழந்தையிடம், "அழுவாதீங்க சாமி." ஒருமுறை ஜேப்படிக்காரன் அவர் பைக்குள் கையை விட்டுவிட்டான். "ஏனுங்க, கையைக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா? சில்லறை குடுக்கோணும்" என்றார். திருடன் ஆடிப்போய், ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிட்டான்.

ஒருநாள் புதுச்சத்திரத்தில் மாரப்பன் என்கிற பண்ணையாள் ஏறினார். "வாங்க, உள்ள வாங்க" என்றார் கண்டக்டர். முன் சீட்டில் மாரப்பனின் பண்ணைக்காரர்.

"ஏய்யா, எனக்கும் வாங்க, அவனுக்கும் வாங்கவா?"

"உங்களுக்கு வேணும்னா ரெண்டாப் போட்டர்றனுங்க. வாங்கங்க!"

பஸ்ஸே சிரித்தது, பண்ணைக்காரரைத் தவிர. மறுநாளே பஸ் முதலாளியின் உத்தரவு வந்துவிட்டது: பண்ணையாட்களுக்கு இனி 'ங்க' கூடாது, மீறினால் வேலை போய்விடும். கண்டக்டர் வீட்டிலோ வரிசையாகப் பிள்ளைகள். மரியாதையால் வயிறு நிறையுமா?

அடுத்த நாள் முதலாளியே பண்ணைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். புதுச்சத்திரத்தில் மாரப்பன் படியருகே நின்றார். சேதி அவருக்கும் எட்டியிருந்தது.

"சாமி, 'ஏறுடா'ன்னே சொல்லிப்போடுங்க. என்னால உங்க பொழப்பு போயிருமுங்க" என்று கும்பிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னை மரியாதையில்லாமல் கூப்பிடச் சொல்லி ஒரு மனிதர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

கண்டக்டர் வாயைத் திறந்தார், மூடினார்.

"வாயில வர மாட்டேங்குதுங்க. நீங்க ஏறுங்க" என்றார். தோள் பையைக் கழற்றி முதலாளி மடியில் வைத்தார். "நான் வாரேனுங்க."

இறங்கி நடந்தே விட்டார். மாரப்பன் ஏறவில்லை, பத்தடி தள்ளி அவர் பின்னாலேயே போனார்.

"பின்னால எதுக்குங்க? சேந்தே நடங்க" என்ற குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது.

அந்த மனிதரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நானும் இறங்கிவிட்டேன். சேலம் எங்கே ஓடிவிடப் போகிறது?