பக்குவக்காரர்

பக்குவக்காரர் என்றொரு இனம் உண்டு. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அவர் வீட்டுக்குப் போய், கை கழுவ வேண்டும் என்று சொல்லுங்கள், போதும். நீங்கள் குழாயைத் தொடுவதற்குள் பாய்ந்து வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். "இருங்க, இருங்க! அதுக்கு ஒரு பக்குவம் இருக்குதுங்க."

குழாயை உள்ளே அமுக்கி, கொஞ்சம் தூக்கி, பிறகுதான் திருக வேண்டும். பீரோக் கதவை முழங்காலால் முட்டிக்கொண்டே சாவி போட வேண்டும். மிக்சி ஓடும்போது மூடியை உள்ளங்கையால் சமாதானப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வாசல் கேட்டைத் தூக்கி, உதைத்து, வலப்பக்கம் சாய்த்துத் தள்ள வேண்டும். இவற்றில் ஒன்றையாவது அவர் பழுது என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்ல மாட்டார். பழுது என்றால் சரிசெய்ய வேண்டுமே! பக்குவம் என்றால் தெரிந்திருந்தால் போதும். அது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் இன்னும் விசேஷம்.

அனுப்பர்பாளையத்தில் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்தும் கைருதீன் இந்த இனத்தில் ஏற்றுமதித் தரம்.

அவரிடம் ஒரு பிக்கப் இருந்தது. இரண்டு வரிசை சீட்டு, பின்னால் சரக்குத் தொட்டி, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர். லிவரை 'டி'க்குத் தள்ளினால் வண்டி கிளம்ப வேண்டும். அதைச் செய்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். பனிக்காலம் வந்தால் வண்டி வேறு மாதிரி நினைத்தது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பி 'டி' போட்டால், இன்ஜின் பாட்டுக்கு ஓடும், சக்கரம் அசையாது. ஓட்டுபவர் பொறுமை இழக்கும் வரை காத்திருந்து, அப்புறம் 'மடக்'கென்று ஓர் உதறலோடு புறப்படும். ஒருமுறை சூடாகிவிட்டால் அன்று முழுக்க ஒரு குறையும் கிடையாது.

வேறொருவராக இருந்தால் ஒர்க்ஷாப்புக்குப் போயிருப்பார். கைருதீன் ஒரு பக்குவம் கண்டுபிடித்தார். ஏசியை அணைக்க வேண்டும். ரேடியோவை அணைக்க வேண்டும். கண்ணாடியைப் பாதி இறக்க வேண்டும். ரிவர்ஸ் போட்டு, நியூட்ரல் வந்து, அப்புறம் 'டி' போட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி, சும்மா இருக்க வேண்டும். இதில் பலன் தந்தது கடைசியில் வரும் 'சும்மா இருப்பது' மட்டும்தான் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

வண்டிக்கு அடியில் சிவப்பாக எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் பக்குவம் இருந்தது. ஏற்றுமதிப் பெட்டி ஒன்றைப் பிரித்து அட்டையாக விரித்துவிட்டார்.

"ஏனுங்க, மெக்கானிக்குகிட்ட ஒருக்கா காட்டிப்போடலாமுங்களே?" என்று மனைவி சைதுன்னிசா கேட்பார்.

"காட்டறதுக்கு என்ன இருக்குது? காலையில எந்திரிச்சா உனக்குந்தான் கொஞ்ச நேரம் ஆகுது. உன்னைய எங்க கொண்டுபோய்க் காட்டறது?"

பேச்சு அங்கே முடிந்துவிடும். வண்டியை வீட்டில் வேறு யாரும் தொட முடியாது என்பதில் கைருதீனுக்கு உள்ளூரச் சந்தோஷம். எங்கே போவதானாலும் அவரைத்தானே கூப்பிட வேண்டும்?

இப்படி இருக்கையில் மகள் சாயிமா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மார்கழி மாதம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்ததால், கைருதீன் அமராவதி நகரில் தங்கை வீட்டைப் பார்க்கப் போனார். எதில்? பஸ்ஸில். அணைப்பக்கம் குளிர் அதிகமாம், வண்டிக்கு ஆகாதாம். வண்டி வீட்டில் ஓய்வெடுத்தது.

மறுநாள் விடியும் நேரத்தில் சாயிமாவுக்கு வலி எடுத்தது. நல்ல வேளையாக அவள் கணவன் முதஸ்ஸிர் முந்தைய நாளே வந்து தங்கியிருந்தான். நல்ல டிரைவர், பாவம், பக்குவம் தெரியாதவன். ஆட்டோவுக்கு அலைய வேண்டாம் என்று பிக்கப்பில் ஏறி மாமனாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

"சாவி போட்டாச்சுங்களா மாப்ள? ஏசி?"

"ஆஃப் பண்ணிட்டனுங்க மாமா."

"ரேடியோ?"

"ரேடியோவுக்கும் கியருக்கும் என்னங்க மாமா?"

"சொன்னாக் கேளுங்க. பாடிட்டிருந்தா கியர் விழாது. இப்ப ரிவர்ஸ் போட்டு, நியூட்ரல் வந்து, டி-க்குப் போங்க."

"போட்டுட்டனுங்க. வண்டி நகரலீங்களே!"

"நகராதுங்க. அதான் சரி."

வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற சாயிமா கத்தினாள். "அத்தா! எனக்கு முடியல!"

"கொஞ்சம் பொறு கண்ணு, கியர் இப்ப விழுந்துரும்!"

அந்த அலறலைக் கேட்ட பிறகு எந்தக் கணவன் சும்மா இருப்பான்? முதஸ்ஸிர் ஆக்சிலரேட்டரை மிதித்தான். இன்ஜின் உறுமியது. வண்டி அசையவில்லை. இன்னும் மிதித்தான். சைதுன்னிசா கேட்டைத் தூக்கி, உதைத்து, வலப்பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கியர் விழுந்தது. வண்டி துள்ளிப் பாய்ந்தது. அவன் பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள் கேட் பெயர்ந்து தெருவில் விழுந்தது. சைதுன்னிசா மட்டும் எப்படியோ செம்பருத்திச் செடிக்குள் விழுந்து தப்பித்தார்.

அமராவதி நகரில் கைருதீனின் காதில் விழுந்தது ஒரு 'டமார்'. பிறகு ஒன்றுமில்லை. முதஸ்ஸிரின் போன் சீட்டுக்கடியில் எங்கோ போய்விட்டது. "மாப்ள... மாப்ள..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தங்கை கொண்டுவந்த டீ ஆறி ஆடை கட்டியது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிய அந்த மனிதரிடம் அப்போது கையில் ஒரு பக்குவமும் இல்லை.

இங்கே, பம்பருக்குக் கீழே கேட் சிக்கி வண்டி நகராமல் நின்றது. அந்த நேரத்தில்தான் தையல்காரப் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேன் தெருவுக்குள் வந்தது. அதற்காகக் காத்திருந்த எதிர்வீட்டுப் பாண்டியம்மாள், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், டிபன் தூக்கோடு ஓடிவந்தார்.

"இந்த வண்டிக்கு மனசு எறங்குற வரைக்கும் பிள்ளை காத்துக்கிட்டுக் கெடக்குமா? ஏத்தா, வேன்ல ஏறு! டிரைவரண்ணே, மொதல்ல ஆஸ்பத்திரி!"

வேன் நிறையப் பெண்கள், ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு தைரியம். ஷிப்டுக்கு எல்லோரும் தாமதம். அன்று காலையே பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

கைருதீன் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, சைதுன்னிசா முழங்கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றார். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு சைதுன்னிசா சொன்னார்: "கேட்டைத் தொறக்க இனிப் பக்குவம் வேண்டாமுங்க. கேட்டே இல்ல."

மறுநாளே வண்டி அவிநாசி ரோட்டில் ஆரோக்கியராஜ் ஒர்க்ஷாப்புக்குப் போனது. அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "கியர் ஆயில் போற ஓஸ் கசியுது சார். ஆயில் பாதிதான் கெடக்கு. ராத்திரி இருக்கிறதும் கீழ எறங்கிரும். காலைல குளிர்ல பம்ப் அதை இழுத்து அழுத்தம் குடுக்க நேரமாகுது. எத்தனை நாளா இப்படி?"

"மூணு வருசமா நல்லாத்தான் ஓடுதுங்க," என்றார் கைருதீன்.

ஓஸும் பில்டரும் மாற்றி, புது ஆயில் ஊற்றி, சாயங்காலம் வண்டி தயார். "இவ்வளவுதானுங்களா?" என்று கைருதீன் கேட்டதில் நிம்மதியைவிட ஏமாற்றம் அதிகம். வியர்வையைத் துடைத்த ஆரோக்கியராஜ், மேஜை விசிறியின் சுவிட்சைப் போட்டு, ஸ்குரூடிரைவரால் இறக்கையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அப்புறம்தான் அது ஓடியது. "இதுக்கு ஒரு பக்குவம் இருக்கு சார்." கைருதீனின் கண் கலங்கியது. ஊரில் தான் தனியாள் இல்லை!

அடுத்த பனிக்காலையில் ஏறி உட்கார்ந்தார். பழக்கதோஷம், 'டி'யைப் போட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கப் போனார். வண்டி அதற்குள் தெருவில் இருந்தது. பதறிப் பிரேக் போட்டு, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவரைப் போல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சைதுன்னிசா அந்த வண்டியில் ஓட்டப் பழகுகிறார். எவர் வேண்டுமானாலும் ஓட்டலாம். அதுதான் கைருதீனுக்குத் தாங்கவில்லை.

ஆனால் இந்த இனம் அவ்வளவு சீக்கிரம் அழியாது. பேத்தி அழுதால் இப்போது யாரையும் தூக்க விடுவதில்லை. "இருங்க, அவளுக்கு ஒரு பக்குவம் இருக்குது," என்று இடது தோளில் போட்டு, ஜன்னலோரம் நின்று, காதோரம் ஏதோ முனகுகிறார். அவள் தூங்கிவிடுகிறாள். சைதுன்னிசா அதை மட்டும் மறுத்துப் பேசுவதில்லை.

சிரிக்கிறீர்கள், அன்பரே. நல்லது. அந்த மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் என்ன, நூலா, பெவிகுவிக்கா? செல்போன் சார்ஜர் ஒயரை எந்தப் பக்கம் வளைத்து, எதற்கு அடியில் செருகியிருக்கிறீர்கள்? பதில் வேண்டாம். எழுந்திருக்கவும் வேண்டாம். கொஞ்சம் அசைந்தாலும் சார்ஜ் நின்றுவிடுமே!