கிழக்கு வாசல் மாலை

குமுத ஆற்றின் இக்கரையில் வாகைநாடு என்றொரு நாடு இருந்தது. அக்கரையில் தும்பைநாடு. நடுவே ஓடிய ஆற்றைவிட நடுவே இருந்த போட்டி ஆழமானது.

ஒருநாள் மிளகு வணிகர் ஒருவர் வாகைநாட்டுப் படகுத்துறையில் இறங்கினார். நிழலில் ஓர் இடம் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. மறுபடி படகேறி அக்கரைக்குப் போய்க் கடை விரித்துவிட்டார். செய்தி கேட்ட மன்னர் விசயபூபதி அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"மன்னா, நம்மிடம் எல்லாம் இருக்கிறது. போட்டி மனப்பான்மை மட்டும்தான் இல்லை" என்றார் அமைச்சர் மகுடேசர்.

"அது எங்கே கிடைக்கும்?"

"அதற்கென்று ஓர் அரசுத் துறை அமைத்தால் கிடைக்கும்."

துறை அமைந்தது. மறுநாளே முதல் ஆணை வந்தது. ஆற்றைப் பார்த்த கிழக்கு வாசல் வழியாக யார் உள்ளே வந்தாலும் மாலை, சால்வை, கட்டைவிரல் நகத்தில் பச்சை மை. நகம் வளர்ந்து மை மறையும்வரை அவர் 'புதியவர்'. சந்தையில் நிழலான கடையும், வாய்க்காலில் முதல் தண்ணீரும் அவருக்கே. மாலை போடும் பொறுப்பு மதுரவல்லிக்குக் கிடைத்தது. சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பதே அவளுடைய தகுதி.

வல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து கணவனிடம் சொன்னாள். நீலமேகம் சாயக்காரன். அவுரித் தொட்டியிலிருந்து முழங்கை வரை நீலமான கைகளை எடுக்காமலே கேட்டான்.

"அப்போ நம்ம முறைத் தண்ணி?"

"அவங்க எடுத்தப்புறம் நமக்கு வரும். நாட்டுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதாங்க?"

பொறுத்துக்கொண்டான். சாயம் பொறுத்துக்கொள்ளவில்லை. தோய்த்த துணியை உடனே ஓடுகிற தண்ணீரில் அலசாவிட்டால் நீலம் திட்டுத்திட்டாகப் பிடித்துவிடும். முதல் வாரத்தில் பன்னிரண்டு சேலைகள் தேமல் விழுந்த தோல் போல ஆயின. "இன்னும் ரெண்டு தடவை இப்படி ஆனா தொட்டிய மூடிட வேண்டியதுதான், வல்லி" என்றான். மறுநாள் மாலை போடும்போது அவள் கன்னத்தில் குழி கொஞ்சம் ஆழம் குறைவாக விழுந்தது.

இரண்டாவது ஆணை, ஊர் கலகலப்பாகத் தெரிய வேண்டும் என்பது. படகு கரை தட்டும்போதெல்லாம் பழையவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து கைதட்ட வேண்டும். ஒரு நாளைக்குப் பதினேழு படகுகள். கொல்லன் பட்டறையில் இரும்பு ஆறியது. குயவனின் சக்கரம் நின்றது. நீலமேகம் நீலக் கையால் தட்டித் தட்டி, முன்னால் நின்றவர் சட்டையெல்லாம் பொட்டு வைத்தான்.

பொறுக்க முடியாமல் ஊரார் அமைச்சரிடம் போனார்கள். மகுடேசர் பரிவோடு கேட்டுக்கொண்டார்.

"உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் யோசியுங்கள். புதியவர் கோபித்துக்கொண்டால் அக்கரைக்குப் போய்விடுவார். நீங்கள் எங்கே போய்விடுவீர்கள்?"

இந்தக் கருத்து மன்னருக்கு மிகவும் பிடித்துப் போனதால் அதையே மூன்றாவது ஆணையாக்கினார். பழையவர்கள் எங்கும் போக மாட்டார்கள்; ஆகவே வெளியே போகும் தெற்கு வாசலுக்குக் காவல் தேவையில்லை. அங்கிருந்த காவலர்கள் கிழக்கு வாசலுக்கு வந்து சங்கு ஊதினார்கள். புதியவரிடம் "நீ யார், எந்த ஊர்" என்று கேட்பதும் தடைசெய்யப்பட்டது. அது மனதைப் புண்படுத்துமாம்.

அடுத்த தோய்ப்பும் வீணானது. மறுநாள் காலை வல்லி கூடையிலிருந்து மாலையை எடுத்துத் தலை நிமிர்ந்தாள். எதிரே தன் கணவன்.

"என்னங்க இது? இங்க எப்படி வந்தீங்க?"

"தெற்கு வாசல் வழியா வெளிய போனேன். புளியமரத்தைச் சுத்தினேன். கிழக்கு வாசல் வழியா வரேன்." கழுத்தை நீட்டினான். "ஊர் பேரெல்லாம் கேக்கக் கூடாதாமே?"

"எல்லாரும் பாக்கறாங்க…"

"அன்னைக்கும்தான் எல்லாரும் பாத்தாங்க. அன்னைக்கு நீ இவ்வளவு நேரம் யோசிக்கல."

சங்கு ஊதினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக அவன் கழுத்தில் மாலை போட்டாள் வல்லி. நீலம் பாய்ந்த அந்த நகத்தில் பச்சை மை சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு பூச்சு பூசினாள். அன்று சாயங்காலம் வாய்க்காலின் முதல் தண்ணீர் அவர்கள் தொட்டிக்கு வந்தது. சேலைகள் மழை மேகம் போல ஒரே நிறமாகக் காய்ந்தன.

இந்த மாதிரிச் சேதியை ஊருக்குள் ஒளித்துவைக்க முடியாது. மறுநாள் கொல்லன் வந்தான், கைக்குழந்தைக்கும் மாலை கேட்டு. அடுத்த நாள் குயவர் தெரு முழுக்க வந்தது. புளியமரத்தைச் சுற்றி ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. வல்லியும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது அவளுக்கும் மாலை போட ஆள் கிடைத்தது, புருஷன்தான்.

அரண்மனையில் கொண்டாட்டம். "மன்னா, இந்த மாதம் நம் மொத்த மக்கள்தொகை எவ்வளவோ, அவ்வளவு புதியவர்கள் வந்திருக்கிறார்கள்!" என்றார் மகுடேசர். அவருடைய நகமும் பச்சையாகத்தான் இருந்தது.

"அப்படியானால் மக்கள் இரட்டிப்பாகியிருக்க வேண்டுமே. தெரு அப்படியேதானே தெரிகிறது?"

"அதுதான் நம் நிர்வாகத் திறமை, மன்னா."

மகிழ்ந்த மன்னர் குளிக்கப் போனார். தண்ணீர் வரவில்லை. விசாரித்ததில், நாட்டிலேயே மிஞ்சியிருக்கும் ஒரே பழையவர் அவர்தான் என்று தெரிந்தது. சட்டப்படி கடைசித் தண்ணீர். அது அரண்மனைக்கு வருமுன் வாய்க்கால் வற்றிவிடும். மூன்று நாள் பன்னீரில் குளித்தார். நான்காம் நாள் தானும் வெளியே போய் வருவதென்று முடிவெடுத்தார். புளியமரத்தைச் சுற்றுவது மன்னருக்கு அழகில்லை என்பதால் படகில் ஒரு சுற்று.

படகு நடு ஆற்றைத் தாண்டியதும் அக்கரையில் மேளம் முழங்கியது. போட்டி நாட்டு மன்னரே வருகிறார்! இதைவிடப் பெரிய வாடிக்கையாளர் உண்டா? மாலை, சால்வை, யானை. இத்தனை நாளும் மற்றவர்களுக்கு விழுந்த மாலைகளை மட்டுமே பார்த்திருந்த விசயபூபதிக்குக் கண் கலங்கியது. "என் மனம் எப்போதும் இங்கேதான் இருந்தது" என்று பேசி, அங்கேயே தங்கிவிட்டார்.

அங்கேயும் முதல் தண்ணீர் புதியவருக்கே என்பதால் தும்பைநாட்டு மன்னருக்கு அன்று குளிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சாயங்காலமே வாகைநாட்டுக் கிழக்கு வாசலில் வந்து இறங்கினார். வல்லி மாலை போட்டாள். சங்கு ஊதினார்கள். மகுடேசர் கூட்டத்தைப் பார்த்து, "நம் கொள்கைக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி!" என்றார். அரியணை காலியாக இருந்ததால் வந்தவரையே அதில் உட்காரவைத்தார்கள்.

புதிய மன்னர் சால்வையைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "இங்கே இருப்பவர்களில் யார் கடைசியாக வந்தவர்?"

"தாங்கள்தான், மன்னா."

"அப்படியானால் மற்ற எல்லோரும் பழையவர்கள்."

விடிந்ததும் முரசு அறைந்தார்கள். வாய்க்கால் மடை அரண்மனைப் பக்கம் திரும்பியது. வல்லி வீட்டுக்கு வந்தபோது நீலமேகம் ஈரம் காயாத சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். தொட்டியில் அவுரி வண்டலாக அடியில் நின்றது.

"மரத்தையா சுத்தப் போறோம்?"

"இனிமே மரத்தச் சுத்தினா ஆகாது, வல்லி. தெற்கு வாசலைப் பூட்டிட்டாங்க. ஆத்துப் பக்கமா வா. அக்கரையில நம்ம ரெண்டு பேரும் புதுசு."

அவள் மாலைக் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டுப் படகில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கரையில் மேளம் கேட்கத் தொடங்கியது. யாரோ கைதட்டினார்கள், வேலையை விட்டுவிட்டு வந்தவர்களின் தட்டல் அது என்று அவளுக்குத் தெரிந்தது.

"எத்தனை நாளைக்குங்க?"

நீலமேகம் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான்.

"நகம் வளர்ற வரைக்கும்."