தண்ணீருக்குள் வைத்த தண்ணீர்க் குழாய்

எனக்கு எண்பத்து நான்கு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க மாட்டேன், நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் தண்ணீருக்குள் தண்ணீர்க் குழாய் வைத்த மனிதர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் எங்கள் தோட்டத்துப் பைப்புக்காரர்.

அவர் பெயரைக் கேட்காதீர்கள். செக்ரோல் பேர்ப்பதிவில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். "பைப்புக்காரரே" என்றால்தான் "வந்தேனுங்க" என்பார்.

தோளில் எப்போதும் ஒரு பழைய சைக்கிள் டியூப் தொங்கும். ஒழுகுகிற குழாயைக் கட்டுவதற்கு. கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார். என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட வந்தவர், தடுமாறிப் போய் டியூபைக் கழற்றி மாப்பிள்ளை கழுத்தில் போட்டுவிட்டாராம். நான் அடுப்படியில் இருந்தேன், பார்க்கவில்லை. ஆனாலும் பார்த்ததாகவே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் குழாயில் காதை வைத்துக் கேட்பார். "மேல் லயத்துல யாரோ ரெண்டாந்தடவ குளிக்கிறாங்க" என்பார். போய்ப் பார்த்தால் கங்காணி சம்சாரம் ஈரத்தலையோடு நிற்பாள். தண்ணீர் வராவிட்டால் குழாயோடு சண்டை. "நேத்து நல்லாத்தான இருந்த? இன்னைக்கு என்னா கொழுப்பு?" என்று அரைமணி நேரம் திட்டிவிட்டு, பிறகு அதே குழாயிடம் மன்னிப்பும் கேட்பார்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பதினைந்து பதினாறு வருஷம் இருக்கும். அட்டன் பக்கம் எங்கள் மலைக்குக் கீழே ஓடிய ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறியது. பாதை மூழ்கியது, பாலம் மூழ்கியது, நாங்கள் தண்ணீர் பிடித்த பீலியும் மூழ்கியது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் தோட்டத்தின் ஒரு பிரிவான எங்கள் டிவிசனைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர். கடலையே பார்க்காத நாங்கள் தீவுக்காரர்கள் ஆகிவிட்டோம். கொழுந்து மூட்டையும் நாங்களும் தோணியில் போய் வந்தோம். தோணித்துறை என்று பெயர்தான். ஒரு பலகை, ஒரு அரிக்கன் லாம்பு, ஒழுகுகிற ஒரு மூங்கில் குழாய். பனிமூட்டம் இறங்கினால் தோணிக்காரருக்குக் கரை தெரியாது. சுற்றிச் சுற்றி வந்து, "ஏய், எங்கடி இருக்கீங்க?" என்று கத்துவார். நாங்கள் கூவிக் கூவிக் கரையைக் காட்டுவோம்.

அப்போதுதான் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொன்னார். "கொழும்பிலேருந்து ஒரு பெரிய ஐயா வந்து பாக்கப் போறாரு. தோணித்துறையில இரும்புக் குழாயும் லைட்டுக் கம்பமும் ஒழுங்கா இருந்தா இந்த லயம் இருக்கும். இல்லாட்டி பதினொரு குடும்பத்தையும் பிரிச்சு மூணு டிவிசனுக்கு அனுப்பிருவாங்க."

 அடுத்த காம்பராவில், அதாவது அடுத்த அறையில், என் தங்கை. நிறைமாதம். அம்மா இல்லாத எங்களுக்கு நடுவில் இருந்தது ஒரு சுவர்தான். நான் இந்தப் பக்கம் பேசினால் அவள் அந்தப் பக்கம் பதில் சொல்வாள். பிரித்தால் என்னைக் கீழ் டிவிசனுக்கும் அவளைத் தண்ணீர் தாண்டி மேல் டிவிசனுக்கும் அனுப்புவார்கள் என்று பேச்சு.

வேலை பைப்புக்காரர் தலையில் விழுந்தது. குழாய் எங்கே வைப்பது? நிலம் அளக்க வந்த சிங்கள ஐயா, அவரை மாத்தையா என்போம், தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "எட்டாவது கான் மட்டும் தண்ணி வரும். அதுக்கு மேலே வை." சொல்லிவிட்டுத் தோணி ஏறிவிட்டார்.

மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமலிருக்க மலைச்சரிவில் குறுக்காக வெட்டும் வாய்க்காலைத்தான் கான் என்போம். எங்கள் சரிவில் பன்னிரண்டு கான். கான் வெட்டுகிறவர்கள் உச்சியிலிருந்து தொடங்கித்தான் கீழே இறங்குவார்கள். முதல் கான் என்றால் உச்சிக் கான்தான். பைப்புக்காரர் உச்சியில் நின்று எண்ணிக்கொண்டே இறங்கினார். கங்காணி எண்ணினார். எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது, நானும் எண்ணினேன். எட்டாவது கான் எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் வந்தது. அதற்கு மேலே குழாய் வைத்தார், கம்பம் நட்டார், கல் பாவினார். குழாயைத் திறந்ததும் தண்ணீர் பாய்ந்த பாய்ச்சலில் நாங்கள் குலவை போட்டோம்.

பிறகு மழை பிடித்தது. தண்ணீர் எட்டாவது கானைத் தொட்டது.

"அம்புட்டுத்தான், இனி நின்னுரும்" என்றார் பைப்புக்காரர்.

நிற்கவில்லை. மறுநாள் கல்லைக் காணோம். அதற்கடுத்த நாள் குழாயைக் காணோம். கம்பம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. நல்லவேளை, அதற்கு இன்னும் கரண்டு வரவில்லை. பைப்புக்காரர் திரும்பத் திரும்ப உச்சிக்கு ஓடி எண்ணிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் எட்டாவது கான் தண்ணீருக்குள்தான் இருந்தது.

"நாங்க சரியாத்தான் எண்ணியிருக்கோம். தண்ணிக்குத்தான் எண்ணத் தெரியல" என்றார் என்னிடம்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய ஐயா வந்தார். தோணியில் அவர், பக்கத்தில் கண்டாக்கையா, பின்னால் அளக்கிற மாத்தையா. கரையில் பதினொரு குடும்பமும் வரிசையாக நின்றோம். பைப்புக்காரர் மட்டும் கழுத்தளவு தண்ணீரில், தலைப்பாகையோடு நின்று கும்பிட்டார்.

"குழாய் எங்கே?" என்றார் பெரிய ஐயா.

"எங் காலுக்கிட்டதாங்க இருக்கு."

"தண்ணீர் வருகிறதா?"

"தொறந்துதாங்க வச்சிருக்கேன்."

"நான் எப்படிப் பார்ப்பது?"

பைப்புக்காரர் சுற்றிலும் கிடந்த அவ்வளவு தண்ணீரையும் ஒரு பார்வை பார்த்தார். பெரிய ஐயாவையும் பார்த்தார். பிறகு முங்கினார்.

தலைப்பாகை மிதந்தது. ஆளைக் காணோம். நான் ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். என் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "யாராவது எறங்குங்களேன்!" என்று கத்தினாள். அப்போது மேலே வந்தார், கையில் சைக்கிள் டியூபின் ஒரு முனையோடு. மறுமுனையைக் கீழே குழாய் வாயில் கட்டியிருந்தார். டியூப் பாம்பு மாதிரி நெளிந்து, சீறி, பெரிய ஐயாவின் முகத்திலேயே பீச்சியடித்தது. சேற்றுத் தண்ணீர் இல்லை. மலைமேலிருந்து வரும், கண்ணாடி மாதிரி ஓடைத் தண்ணீர்.

"பாத்துக்கிட்டீங்களா?" என்றார், மூச்சு வாங்க.

கண்டாக்கையா கண்ணை மூடிக்கொண்டார். பெரிய ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அளக்கிற மாத்தையாவைப் பார்த்தார். மாத்தையா தன் காகிதத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்.

"நீங்க மேலே இருந்தா எண்ணினது?"

"பின்ன எங்கேருந்து எண்ணுவாங்க?" என்று பதினொரு குடும்பமும் ஒரே குரலில் கேட்டோம்.

"தண்ணி கீழே இருந்துதானே வாறது!"

 இத்தனை காலம் மலையில் கிடந்தோம். கீழேயிருந்து எண்ணலாம் என்பது ஒருவருக்கும் தோன்றியதில்லை. பைப்புக்காரர் தண்ணீரில் நின்றபடியே விரலை மடக்கி, கீழேயிருந்து மேலே எண்ணிப் பார்த்தார். "அப்படியும் எண்ணலாமோ?" என்று டியூபிடம் கேட்டார்.

முதலில் சிரித்தது பெரிய ஐயாதான். "தண்ணீருக்கு அடியிலேயே வேலை செய்கிற குழாய், மேலே வைத்தால் செய்யாமலா போகும்? மாற்றி வையுங்கள். லயம் இருக்கட்டும்" என்றார்.

மறுநாளே பதினொரு குடும்பமும் இறங்கினோம். பைப்பைத் தோளில் சுமந்து ஏற்றினோம். நானும் ஒரு முனை பிடித்தேன். இந்தத் தடவை மாத்தையாவையே நிற்க வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு எண்ண வைத்தார் பைப்புக்காரர். குழாய் ஓடியது. கரண்டு வந்து லைட்டும் எரிந்தது. பனிமூட்டத்திலும் தோணி நேராக வந்து நின்றது. தங்கைக்குப் பெண் பிறந்தபோது, சுவரில் அவள் தட்டிய சத்தம் கேட்டு ஓடிப்போய்க் குழந்தையைக் கையில் வாங்கியது நான்தான்.

தண்ணீரில் நின்றதில் பைப்புக்காரருக்குக் கடும் காய்ச்சல் கண்டிருந்தது. கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுபோனேன். காய்ச்சல் மயக்கத்தில் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஏ புள்ள, தங்கச்சிய எந்த டிவிசனுக்குப் போட்டாங்க?"

"எங்கயும் போடல மாமா. பக்கத்துக் காம்பராவுலதான் இருக்கா. கொழந்தையும் பொறந்திருச்சு."

"அப்ப சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தக் குழப்பத்திலெல்லாம் அவர் மனதில் ஓடியது இதுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கே, பேத்திக் கண்ணு, இதை ஒருதடவை வாசிச்சுக் காட்டு. அவரை எங்கயாச்சும் கிறுக்கருன்னு எழுதியிருந்தேன்னா சொல்லு, அழிச்சிர்றேன்.